மைதானத்துக்கு ஒரு நாள் உரிமம், தெருக்கடைக்கு யார் பதில்?



2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தமிழ்நாடு மதுபான (உரிமம் மற்றும் அனுமதி) விதிகள் 1981-இல் ஒரு திருத்தம் செய்து, எஃப்.எல். 12 என்ற பெயரில் ஒரு சிறப்பு உரிமத்தை அரசு கொண்டுவந்தது. மாநாட்டு அரங்கம், கல்யாண மண்டபம், விளையாட்டு மைதானம், வீட்டு விசேஷம் என்று எங்கே விருந்து நடந்தாலும், கட்டணம் கட்டி ஒரு நாள் உரிமம் வாங்கி மது பரிமாறிக்கொள்ளலாம் என்றது அறிவிக்கை. மாநகராட்சி எல்லைக்குள் ஒரு நாளைக்கு 11,000 ரூபாய், நகராட்சியில் 7,500, மற்ற இடங்களில் 5,000 என்று ஊருக்குத் தக்கபடி கட்டணமும் போட்டிருந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் சாராயமா என்று நாடே கொதித்தது. உடனே துறை அமைச்சர், மண்டபங்களுக்கு அனுமதி கிடையாது, சர்வதேச அளவிலான விளையாட்டுப் போட்டிகளுக்கும் மாநாடுகளுக்கும் மட்டும்தான் என்று விளக்கம் கொடுத்தார். மண்டபமும் வீட்டு விசேஷமும் நீங்கி, திருத்தப்பட்ட அறிவிக்கை வந்தது. வழக்கும் போட்டார்கள், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றத்து விவகாரம் ஒருபுறம் இருக்கட்டும். மண்டபம் என்ற சொல் நீங்கியதோடு கூச்சலும் அடங்கிவிட்டது. மைதானம் என்ற சொல் அப்படியே நின்றதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. மைதானத்தைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் நாமும் பேசவில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இதை எழுதுகிறோம்.

மது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நாம் வரவில்லை. அதற்கு மேடைகள் உண்டு. நாம் கேட்பது வேறு. ஒரு மைதானத்தில் ஒரு நாளைக்கு மதுவும் கேளிக்கையும் நடத்தலாமா என்று முடிவு செய்வது யார்? அந்த முடிவுக்கு முன்னால் அந்தத் தெருவில் வியாபாரம் செய்கிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அந்த அறிவிக்கையின்படி, மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதலோடு ஆயத்தீர்வைத் துறையின் துணை ஆணையரோ உதவி ஆணையரோ உரிமம் கொடுப்பார்கள். நகராட்சி மன்றத்துக்கு இதில் இடமே இல்லை. வார்டு உறுப்பினருக்குத் தகவல்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தத் தெருவைக் கூட்டுவது யார்? நகராட்சித் துப்புரவுப் பணியாளர்தான். உடைந்த பாட்டிலைப் பொறுக்குவதும் அவர்தான். அவர் வருவதற்குள் கடை திறக்க வருகிறவன், தன் வாசலைத் தானே கூட்டிக்கொள்கிறான்.

நாம் மண்டி வைத்து 38 ஆண்டுகள் ஆகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். மண்டித் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நகராட்சி மைதானம். அதில் மூன்று நாள் கபடிப் போட்டி, இரவில் இன்னிசைக் கச்சேரி. நல்ல விஷயம். நன்கொடைச் சீட்டோடு வந்தார்கள், நாமும் கொடுத்தோம். ஆனால் போட்டி நடந்தது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் என்றால் மளிகைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பொரி, பொட்டுக்கடலை, அவல், வெல்லம், சூடம், சாம்பிராணி எல்லாம் அந்த நாலைந்து நாளில் போய்விட வேண்டிய சரக்கு. சுற்றுப்பட்டிக் கடைக்காரர்கள் காலைப் பேருந்தில் சிட்டையோடு வந்து இறங்குவார்கள். அன்றைக்கு வந்தவர்கள், தெருமுனையில் சவுக்குக் கம்பு கட்டி அடைத்திருப்பதைப் பார்த்தார்கள். பேருந்தையும் வேறு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். நமக்கு வந்த பொட்டுக்கடலை லோடு பைபாஸ் ஓரத்தில் ஒன்றரை நாள் நின்றது. லாரிக்காரருக்கு ஹால்டிங் கொடுத்தோம். இறக்குக்கூலி ஆட்கள் எட்டுப் பேர் மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? அரைக் கூலி கொடுத்தோம். மூன்றாம் நாள் தடுப்பை எடுத்தபோது, கிராமத்துக் கடைக்காரர்கள் பக்கத்து ஊர் மண்டியில் சரக்கெடுத்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அப்புறம் நம்மிடம் திரும்பி வரவே இல்லை. இருபது வருட வாடிக்கை. மூன்று நாள் நஷ்டத்தைக் கணக்கில் எழுதலாம், இந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

மைதானத்துக்கு எதிரே ஒரு அம்மாள் பெட்டிக்கடை வைத்திருந்தார். குடித்துவிட்டு வந்த கூட்டம் இரண்டாம் நாள் இரவு அவர் கடை வாசலில் அடுக்கியிருந்த சோடா பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டது. மூன்றாம் நாள் பாதுகாப்பு என்று சொல்லி, சாயங்காலம் ஆறு மணிக்கே கடையை அடைக்கச் சொன்னார்கள். பாட்டிலை உடைத்தவன் வேடிக்கை பார்க்கப் போய்விட்டான், பாட்டிலுக்குச் சொந்தக்காரி வீட்டுக்குப் போனார்.

அவருக்காக நாம் மூன்று இடத்துக்கு ஏறி இறங்கினோம். ஒரு அலுவலகத்தில், தரை வாடகை வாங்கிக்கொண்டு மைதானத்தைக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். இன்னொரு இடத்தில், பந்தோபஸ்து கொடுப்பதுதான் எங்கள் வேலை என்றார்கள். மூன்றாவது இடத்தில், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். ரசீது இருக்கிறது.

கவனியுங்கள், அந்தப் போட்டியில் மது உரிமம் எதுவும் கிடையாது. வந்தவர்கள் வெளியே குடித்துவிட்டு வந்தவர்கள். உரிமம் இல்லாமலே இப்படி என்றால், மைதானத்துக்குள்ளேயே உரிமத்தோடு ஊற்றிக் கொடுக்கும்போது பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பது உரிமம் கொடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வேறு நாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. புளியும் மிளகாயும் நம் மண்டியில் எடுத்துக் கப்பலேற்றும் ஏற்றுமதியாளர் ஒருவர், லண்டன் வெம்பிளி பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரை அழைத்துவந்தார். வெம்பிளி என்றால் 90,000 பேர் உட்காரும் கால்பந்து மைதானம். அதைச் சுற்றி நம்மவர் கடைகளும் குஜராத்திக்காரர் கடைகளும் நிறைய உண்டு. கடைக்காரருக்குக் கடைக்காரர் பேச்சு, இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

இங்கிலாந்தில் மது உரிமத்தை முன்பு மாஜிஸ்திரேட்டுகள் கொடுத்துவந்தார்களாம். 2003-இல் ஒரு சட்டம் செய்து, 2005 நவம்பர் முதல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்துவிட்டார்கள். மதுவும் இசை, ஆட்டம் போன்ற கேளிக்கைகளும் ஒரே உரிமத்தில் வருகின்றன. குற்றம் நடக்காமல் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமை, குழந்தைகளுக்குத் தீங்கு வராமை ஆகிய நான்கையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

"கேட்டில ஒரு வெளிர்நீலக் கடதாசி ஒட்டுவினம் ஐயா. 28 நாள் அதிலதான் கிடக்கும். பேப்பரிலயும் போட வேணும். அதைப் பாத்திட்டு ஆரும் எழுதலாம்" என்றார் அவர்.

யாரும் என்றால் யாரும்தான். பக்கத்து வீட்டுக்காரர், எதிர்க்கடைக்காரர், சங்கம், பள்ளிக்கூடம் எல்லாம். ஆட்சேபணை வந்தால் மூன்று மன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். முடிவைக் காரணத்தோடு எழுத்தில் கொடுப்பார்கள். பிடிக்காதவர் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அவர் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கிளப் இரவு ஒரு மணி வரை பாட்டும் குடியும் நடத்த அனுமதி கேட்டதாம். இவரும் இன்னும் ஐந்து கடைக்காரர்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்களாம். மன்றத்தார் நிராகரிக்கவில்லை, பதினொரு மணியோடு முடிக்க வேண்டும், மறுநாள் காலை ஏழு மணிக்குள் தெருவைக் கிளப்பே சுத்தம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தார்களாம். கிளப்புக்கும் வியாபாரம், இவருக்கும் தூக்கம்.

பெரிய ஆட்டங்கள் வருடத்தில் எத்தனை நாள் நடத்தலாம் என்பதற்கு அந்த மைதானத்துக்குக் கட்டட அனுமதியிலேயே உள்ளாட்சி மன்றம் வரம்பு வைத்திருக்கிறது. ஆட்ட நாள் எது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், அன்றைக்கு எந்தத் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது என்பதும் தெரியும். "அதுக்கேத்த மாதிரி நான் சாமானை முதல் நாளே இறக்கிப்போடுவன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோது நமக்குப் பொட்டுக்கடலை லோடுதான் ஞாபகம் வந்தது.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லிவிட முடியாது. 2021 ஜூலை 11 அன்று அதே வெம்பிளியில் ஐரோப்பியக் கால்பந்து இறுதிப் போட்டி. காலையிலிருந்தே தெருவில் குடித்துக்கொண்டிருந்த கூட்டம் வாசல்களை உடைத்துக்கொண்டு புகுந்தது. டிக்கெட் இல்லாமல் சுமார் 2,000 பேர் உள்ளே போய்விட்டார்கள் என்று அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கேசி அம்மையாரின் விசாரணை அறிக்கை சொன்னது. கால்பந்து மைதானத்தில், ஆட்டம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து குடிக்கக் கூடாது என்று 1985-இலேயே சட்டம் போட்ட நாடு அது. அங்கேயே தெருவை விட்டுப் பிடித்தால் இந்தக் கதி.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 500 பேருக்குக் குறைவான கூட்டம் என்றால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு என்று ஒரு குறுக்குவழி. 21 பவுன் கட்டணம் கட்டி, பத்து வேலை நாளுக்கு முன் தகவல் கொடுத்தால் போதும். அதை ஆட்சேபிக்கும் உரிமை காவல் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் மட்டும்தான். பக்கத்துக் கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் செல்லாது. அதனால் அந்த நாட்டுச் சட்டத்தை முழுதாகக் காப்பி அடிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நீலக் காகிதத்தை எடுத்துக்கொள்வோம், இந்தக் குறுக்குவழியை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

இது சென்னைக்காரர் கவலை என்று திண்டுக்கல், சேலம் வணிகர்கள் நினைக்க வேண்டாம். சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் பெல்ஸ் சாலை, வாலாஜா சாலையில் போக்குவரத்து மாற்றம் என்பது திருவல்லிக்கேணி வியாபாரிகளுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நத்தத்திலும் வாழப்பாடியிலும் நெல்லை சங்கர் நகரிலும் நடந்திருக்கின்றன. 2025 கடைசியில் நடந்த இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிக்குச் சென்னையோடு மதுரையும் களமானது. சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த கார் பந்தயத்தில் தெருவே மைதானமாகிவிட்டது. சர்வதேசப் போட்டி மாவட்ட ஊர்களுக்கும் வந்துவிட்டது. வரட்டும், பிள்ளைகள் விளையாடட்டும். ஆட்ட நாளில் தண்ணீரும் பிஸ்கட்டும் விற்று ஒரு வார வசூலை ஒரே நாளில் எடுக்கும் கடைகளும் நம் சங்கத்தில் இருக்கின்றன என்பதை மறைக்கவில்லை. அவர்களும் கேட்பது முன்தகவல்தான். நாளைக்கு ஆட்டம் என்று தெரிந்தால்தானே இன்றைக்குச் சரக்கு வாங்கி வைக்க முடியும்?

பிளாஸ்டிக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளருக்கும் தண்ணீர்ப் பாக்கெட்டுக்கும் தடை. அதிகாரிகள் சோதனைக்கு வருவதும் அபராதச் சீட்டுக் கிழிப்பதும் பெரும்பாலும் நம் கடைகளில்தான். பெரிய கூட்டம் கலைந்த மறுநாள் மைதானத்து வாசலில் கிடக்கும் டம்ளருக்கு யாருக்காவது சீட்டுக் கிழித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஒரு மளிகைக்கடைக்கு உள்ளாட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், எடைக்கல் முத்திரை, தொழில் வரி என்று எத்தனை காகிதம் வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசே ஆணை போட்டு, பிறகு நீட்டித்தும் விட்டது. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு லத்தியால் ஷட்டரைத் தட்டுவது பல ஊர்களில் நின்றபாடில்லை. ஒரு நாள் கேளிக்கைக்கு இருக்கும் அவசரம், வருடம் முழுவதும் வரி கட்டுகிறவன் விஷயத்தில் ஏன் இல்லை?

சட்டத்தில் இடமில்லை என்று சொல்வார்கள். மது என்பது அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, உண்மை. அந்த அதிகாரத்தை மாநிலம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் 74-ஆவது திருத்தத்தின்படி நகராட்சிகளுக்கான 18 பொறுப்புகளைச் சொல்லும் பன்னிரண்டாம் அட்டவணையில், பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் போன்ற வசதிகள் ஓர் இனமாகவே இருக்கின்றன. ஜி.எஸ்.டி. வந்தபோது, 2016-இன் 101-ஆவது திருத்தம், கேளிக்கை வரியை உள்ளாட்சி அமைப்புகள் மட்டும் விதித்து வசூலிக்கலாம் என்று மாற்றியது. தமிழ்நாடும் அதற்கென 2017-இல் தனிச் சட்டம் செய்தது. ஆக, மைதானம் உள்ளாட்சியின் பொறுப்பு. கேளிக்கைக்கு வரி போடுவதும் உள்ளாட்சி. குப்பை அள்ளுவதும் உள்ளாட்சி. அந்தக் கேளிக்கை மதுவோடு நடக்கலாமா என்று கேட்கும்போது மட்டும் உள்ளாட்சி ஊமையாக நிற்க வேண்டுமா? ஆட்சியர் ஒப்புதல் தரும் முன் மன்றத்தின் தீர்மானத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

"கவுன்சிலர் கையில் கொடுத்தால் கமிஷன் கேட்பார், இப்போது ஒரு வாசல், அப்புறம் இரண்டு வாசலாகும்" என்று நம் நண்பர்களே சிரிக்கிறார்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. நாமும் அந்த அனுபவம் இல்லாதவர்கள் அல்ல. அதனால்தான் தனி அறையில் கையெழுத்து வேண்டாம், மன்றக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேசி, காரணத்தை எழுதி ஒட்டட்டும் என்கிறோம். ஆட்சியர் மாறுதலில் போய்விடுவார், அவர் நல்லவராகவே இருந்தாலும் நம் தெரு அவருக்குத் தெரியாது. வார்டு உறுப்பினர் அதே தெருவில்தான் இருக்கிறார். ஐந்து வருடத்தில் மறுபடி நம் கடை வாசலுக்கு வந்து நிற்க வேண்டியவர். 2017-இல் நெடுஞ்சாலை மதுக்கடைகளை ஊருக்குள் மாற்ற வந்தபோது, பல கிராம சபைகள் தீர்மானம் போட்டு எதிர்த்து நின்றன. ஊர்க்காரருக்குத் தெரியப்படுத்தினால் ஊர்க்காரர் கேட்பார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் அல்ல. மைதானத்து வாசலிலும் வார்டு அலுவலகத்திலும் பதினைந்து நாளுக்கு முன் ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும். எந்தத் தெருவை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அடைப்பார்கள் என்று அதில் இருக்க வேண்டும். காலை பத்து மணி வரை சரக்கு வண்டிக்கு ஒரு பக்கமாவது வழி விட வேண்டும். நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் ஒரு வைப்புத்தொகை வாங்கி வைத்து, துப்புரவுச் செலவையும் கடைகளுக்கு வந்த சேதத்தையும் அதில் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜைக்கு முந்தின வாரங்களில் கடைத்தெருவை ஒட்டிய மைதானத்துக்கு இந்த மாதிரி உரிமமே கூடாது. இந்தக் கடைசிக் கோரிக்கையில் நம் சங்கத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, நாம் நம் கருத்தைச் சொல்லிவிட்டோம்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நகர்ப்புறங்களில் முதன்முதலாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. நம் வார்டில் அன்று போனவர்களில் கடைக்காரர் மிகச் சிலரே. கடையை விட்டுவிட்டு யார் போவது என்று நாமும் அன்றைக்குப் போகவில்லை, ஒத்துக்கொள்கிறோம். இனி நடக்கும் கூட்டத்துக்குக் கல்லாவில் மகனை உட்கார வைத்துவிட்டுப் போவதாக இருக்கிறோம். மேலே சொன்ன கோரிக்கைகளை ஒரு கடிதமாக எழுதி, மண்டித் தெருக் கடைக்காரர்கள் 42 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அந்தப் பெட்டிக்கடை அம்மாள் முதல் கையெழுத்துப் போட்டார். உங்கள் ஊரிலும் போட்டிக்காகத் தெரு அடைத்த தேதி, அடைத்த நேரம், முன்தகவல் வந்ததா இல்லையா என்ற விவரங்களை அஞ்சலட்டையில் எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். கடிதத்தோடு இணைத்துக் கொடுக்கலாம்.